குடியை விட்டவர்க்கு ஏற்ற கூட்டம்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை பற்றியே என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று வேறொன்று பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். குடியினின்று மீள விரும்பும் ஒருவர் தமக்குத் துணையாகும் கூட்டத்தை எங்ஙனம் கண்டடைவது என்பதே அது. முதற்கண் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில், நல்ல உழவர் ஒருவரை ஊர்ப் பெரியவர்கள் முன்னே அழைத்து நிறுத்தினர். இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னோம். தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயரையும் எழுதினோம். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அவர் சொன்ன சொல்லைக் காத்தார். மூன்றாம் நாள் வரப்பின்மேல் வலிப்பு வந்து விழுந்தார்.

நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஊறு நேரலாம். இதனை அன்று மருத்துவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். ஆகவே கூட்டம் தேடுமுன் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். சோற்றில் மறைவாகக் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளை நம்ப வேண்டா.

அவருக்கு உடல் தேறியது. ஆனால் பெயர் புத்தகத்தில் இருந்தது. டீக்கடையில் அவரைச் ‘சத்தியம்’ என்றே அழைத்தார்கள். ஒரு திங்களுக்குள் மீண்டும் குடித்தார். அவருடைய மனைவி என் அலுவலகத்திற்கு வந்து, “ஐயா, அந்தப் புத்தகத்தில் அவர் பெயரை அடித்துவிட முடியுமா?” என்று கேட்டார். அடிக்க விதியில்லை என்றேன். வேறென்ன சொல்வது?

அதன் பின்னரே இக்கூட்டங்களைப் பற்றி விசாரித்தேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இவ்வமைப்பு 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தோன்றியது. தொடங்கியவர்கள் பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும், பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரும் ஆவர். இருவரும் குடியால் கெட்டவர்கள். குடித்தவன் சொல்லைக் குடித்தவன் கேட்பான் என்பதே அவர்கள் கண்ட வழி. கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடையும் ஏற்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. அங்குக் கேட்டதை வெளியே சொல்லலாகாது.

கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா என்று ஐயுறுவோர் மஞ்சக்குடியை நினைக்க வேண்டும். 1989இல் சென்னை டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தார் தஞ்சைப் பகுதியிலுள்ள அச்சிற்றூரிலேயே முகாம் அமைத்து, ஊரார் துணையுடன் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தனர்.

நம் உழவர் மறுபடி சிகிச்சை பெற்றபின், முதலில் நகரில் ஒரு கூட்டத்திற்குச் சென்றார். வந்திருந்தோர் பெரும்பாலும் அலுவலர்கள். பேச்சில் பாதி ஆங்கிலம். பின் வரிசையில் இருந்துவிட்டு, “அது நமக்கு ஆகாது, ஐயா” என்று திரும்பினார். அத்துடன் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். இரண்டாவது கூட்டம் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் நடந்தது. மாரியம்மனைக் கும்பிடும் தாம் அங்கே போகலாமா என்று தயங்கினார். மண்டபம் மட்டுமே அவர்களுடையது, கூட்டம் எம்மதத்தையும் சேர்ந்ததன்று என்று விளக்கிய பின் சென்றார். கூட்டம் பிடித்தது, ஆனால் முடியுமுன்னே கடைசிப் பஸ் போய்விட்டது. ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தார். வழியிலோ சாராயக் கடை! மூன்றாவது கூட்டம் ஒரு பள்ளி அறையில். அங்கே ஒரு லாரி ஓட்டுநர், விதைநெல்லை விற்றுக் குடித்த தம் கதையைச் சொன்னார். நம்மவர் அழுதுவிட்டாராம். இன்றளவும் அங்கேதான் போகிறார்.

ஆதலால் ஒருவரை அனுப்புமுன் கூட்டம் எம்மொழியில் நடக்கிறது, எப்போது முடிகிறது, திரும்பிவரப் பஸ் உண்டா, வழியில் கடை உண்டா என்று கேட்டறியுங்கள். கூலி கையில் வரும் நாளில் கூட்டம் அமைந்தால் மிக நன்று. திறந்த கூட்டத்திற்கு மனைவியோ அண்ணனோ உடன் செல்லலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமே உரியது. பக்கத்தில் இருப்பதே சிறந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். தெரிந்த முகத்துக்கு அஞ்சி அடுத்த ஊர்க் கூட்டத்தையே ஒருவர் விரும்பினால், அது அவர் உரிமை. ஒருமுறை போய்ப் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றைக் காட்டுங்கள். ‘இவன் திருந்தமாட்டான்’ என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டாருக்கென ஆல்-அனான் என்னும் தனிக் கூட்டமும் உண்டு. அந்த உழவரின் மனைவிக்கு இதனை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஊராட்சியார் செய்யக்கூடியது சிறிது. தாமே கூட்டம் நடத்த வேண்டியதில்லை. அது குடியை விட்டவர்கள் நடத்துவது. கேட்டால் வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையைக் கொடுங்கள். அவர்கள் சிறு வாடகை கொடுக்க முன்வந்தால் மறுக்காதீர்கள். அது அவர்கள் முறை. யார் யார் வந்தார்கள் என்று காவற்காரரைக் கேட்காதீர்கள். கிராம சபையில் குடியைப் பற்றிப் பேசலாம், தீர்மானமும் போடலாம். பெயர் எழுத வேண்டா.

எங்கள் ஒன்றியத்தில் இப்போது ஒரு பள்ளிக்கூட அறையில் சனிக்கிழமைதோறும் மாலை 6 மணிக்குக் கூட்டம் கூடுகிறது. 7.30க்கு முடித்துவிடுகிறார்கள், கடைசிப் பஸ் 8.10க்கு. எத்தனை பேர் வருகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.