மிதிவண்டியில் ஐந்திணை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவில் கவிதையைப் பற்றிப் பேசாமல் மிதிவண்டிப் பயணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றானே என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்ததும் கவிதையைப் பற்றித்தான். ஆனால் அதற்குப் பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஒருமுறை போய்வர வேண்டியிருக்கின்றது.

நம் சங்கரன்கோவில் வற்றாத ஆறு ஒன்று இல்லாத ஊர். கரிசல் மண்ணும், வானம் பார்த்த பயிரும், விசைத்தறி ஓசையும், ஆடித்தபசுக் கூட்டமுமே நம் அடையாளங்கள். ஆயினும் நம் கவியரங்குகளில் ஆறு பாயாத கவிதை அரிது. நாரை பறக்கின்றது, தாமரை மலர்கின்றது, அலை வந்து காலைத் தழுவுகின்றது. எந்த ஆறு, எந்த நாரை, எந்தக் கடல் என்று கேட்டால் விடை வருவதில்லை. படித்த பாட்டிலிருந்து மறு பாட்டு எழுதுகின்றோம். பழம்புலவர் கண்டு எழுதியதை நாம் கேட்டு எழுதுகின்றோம். இந்தக் குறையைத் தீர்க்கும் மருந்து நமக்கு மிக அருகிலேயே இருக்கின்றது.

தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உடைய ஆறு. கங்கையோடும் காவிரியோடும் ஒப்பிட்டால் இது சிற்றாறுதான். ஆனால் தமிழ் மண்ணிலேயே பிறந்து, தமிழ் மண்ணிலேயே கடலில் கலக்கும் ஆறு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இதற்கு நீர் தருகின்றன. தலையில் ஒரு காப்புக்காடு, காலடியில் ஒரு கடல் காப்பகம். முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாயின. 1988இல் இரண்டும் இணைந்து புலிகள் காப்பகமாயின. கடலில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்கை மிதிவண்டியில் மூன்று நாளில் நிதானமாகக் கடந்துவிடலாம். அந்த மூன்று நாளில் ஐந்து திணைகளையும் கண்ணால் கண்டுவிடலாம்.

ஏன் மிதிவண்டி என்று கேட்பீர்கள். பேருந்துச் சன்னலில் ஊர்கள் ஓடி மறைகின்றன. நடந்து போவதற்கு நமக்கு விடுமுறை போதாது. மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் என்பது பறவையின் குரல் கேட்கும் வேகம். வயலில் நிற்பவரோடு இரண்டு சொல் பேசும் வேகம். மேடு எது, பள்ளம் எது என்று தொடைக்குத் தெரியும். காற்று எங்கிருந்து வருகின்றது என்று மார்புக்குத் தெரியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று முதுகைப் பிடித்துக் கடல் வரை தள்ளும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். சுரண்டைச் சாலையில் நிற்கும் காற்றாலைகள் எதை நம்பி நிற்கின்றன என்பது அப்போது விளங்கும்.

சுரண்டை, பாவூர்ச்சத்திரம் தாண்டினால் கடையம். செல்லம்மாள் பிறந்த ஊர். பாரதி 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர். அங்கிருந்து பாபநாசம் அண்மையிலேயே உள்ளது. இங்கே தொடங்குவது குறிஞ்சி. ஏறத்தாழ 1,860 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையின் சோலைகளில் சோலைமந்தியும் இருவாச்சியும் வாழ்கின்றன. வனத்துறையின் ஒப்புதலின்றிக் காப்பகத்துக்குள் நுழையலாகாது. கவிஞனும் அதற்கு விலக்கல்லன். அடிவாரத்தில் நின்று, மழை எங்கே தங்கி ஆறாகின்றது என்று பார்த்தாலே போதும்.

பாபநாசத்திலிருந்து மருதம். விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று சாலை வயலோடு வயலாகச் செல்லும். இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம். கடைசி அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. முந்தைய ஏழும் அவர்கள் வருமுன்பே இருந்தவை. மருதம் தானே அமைந்த நிலமன்று, மனிதர் கல்லடுக்கி உண்டாக்கிய நிலம் என்பதை இவை சொல்கின்றன. பத்தமடையில் ஆற்றங்கரைக் கோரை பாயாகின்றது. பட்டுப் போன்ற அந்தப் பாயைத் தொட்டுப் பார்த்தவர், மென்மைக்கு வேறு உவமை தேடார்.

திருநெல்வேலி கடந்து, சிற்றாறு கலக்கும் சீவலப்பேரியைப் பார்த்துவிட்டுத் தூத்துக்குடிச் சாலையில் சென்றால் வல்லநாடு. இது முல்லை. 1987இல் சரணாலயமான இந்தக் குன்றும் புதர்க்காடும் சற்றேறக்குறைய 16 சதுர கிலோமீட்டர்தான். இங்கே வெளிமான்கள் வாழ்கின்றன. பழைய பாட்டில் முறுக்கிய கொம்போடு துள்ளும் இரலை இதுவே. இந்தியாவில் இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டங்களில் இதுவே தென்கோடியில் உள்ளது.

அடுத்து ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர்ப் பரப்பில் ஒரு முதுமக்கள் தாழிக் காடு. 1876இல் ஜாகர் என்ற செருமானியர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ விரிவாக அகழ்ந்தார். 2023இல் அகழ்ந்த குழிகளின் மேலேயே காட்சிக்கூடம் அமைந்தது. குழிக்குள் தாழி கிடந்தபடியே கிடக்கின்றது. தாழியைப் பாடிய புலவர் எதைப் பார்த்தார் என்பதற்கு உரைநூல் வேண்டாம்.

திருவைகுண்டம், ஏரல் வழியே கொற்கை. முத்துத் துறைமுகத்துக்கு இன்று கடல் இல்லை. ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டு காயலுக்கும், பின் புன்னைக்காயலுக்கும், பின் தூத்துக்குடிக்கும் சென்றது. வாழைத்தோட்டத்து நடுவே வண்டியை நிறுத்தி, இங்கேதான் கலங்கள் நின்றன என்று நினைக்கும்போது காலம் என்னும் சொல்லுக்குப் பொருள் கனக்கின்றது.

தெற்கே குரும்பூர் தாண்டினால் தேரிக்காடு. இரும்புத் துரு ஏறிய செம்மணல் மேடுகள். காற்றுக் காலத்தில் மேடு இடம் மாறும். நேற்றுப் பார்த்த தடம் இன்று இராது. இங்கே மிதிவண்டி ஓடாது, உருட்டித்தான் செல்ல வேண்டும். தமிழகத்தில் பாலை தனிநிலமாக இல்லை என்பர். குதிரைமொழித் தேரியில் நண்பகலில் நின்றவர்க்கு அந்தக் கூற்றில் ஐயம் பிறக்கும்.

வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர்பெற்ற ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலை அடைந்தால் நெய்தல். உப்பளம், கழி, அலையாத்தி மரம், முகத்துவாரம். மீனவர் நாவில் காற்றுக்கு நான்கு பெயர் உண்டு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். நம் கவிதையிலோ தென்றல் மட்டுமே வீசிக்கொண்டிருக்கின்றது.

நண்பர்களே, இதுவரை அழகைச் சொன்னேன். அழுக்கையும் சொல்லாவிட்டால் என் உரை பொய்யாகும். ஊர் ஊராகச் சாக்கடை இதே ஆற்றில்தான் இறங்குகின்றது. படித்துறையில் களைந்த துணிகள் மிதக்கின்றன. கடலில் உள்ள 21 தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பல்லாண்டுகள் வெட்டியது அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ஒரு தொடர்வண்டி வெள்ளத்தின் நடுவே நின்றது. சாலைகள் அறுந்தன, வாழைகள் சாய்ந்தன. ஆற்றின் தன்மையே மாறிவரும்போது, நாம் இன்னும் அதன் பழைய படத்தைப் பார்த்தே பாடிக்கொண்டிருப்பது முறையா?

பார்ப்பதைப் பணியாகக் கொண்டவர்கள் இருக்கின்றார்கள். அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் 2011 முதல் இப்பள்ளத்தாக்கின் குளங்களில் தன்னார்வலரைக் கொண்டு நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். 1994இல் சரணாலயமான கூந்தன்குளத்தில் ஊர் மக்களே நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் காவலர். அவர்கள் பறவையை எண்ணுகின்றார்கள். நாம் சொல்லை எண்ணலாமே. மடை, மதகு, கசம், கழி, ஓதம் என்று ஆற்றோரத்தில் புழங்கும் சொற்களை, சொன்னவர் ஊரோடு குறித்து வைக்கலாம். ஒரு சொல்லைப் பேச ஆளில்லாமற் போனால், அதற்கு உரிய பொருளும் மெல்லக் கண்ணிலிருந்து மறையும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் தை மாதத்தில், குளங்கள் நிறைந்து வலசைப் பறவைகள் வந்திருக்கும் நாளில், நம் வட்டத்தார் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயலுக்குப் புறப்பட வேண்டும். கியர் வண்டி வேண்டியதில்லை. பால்காரர் வண்டியே போதும். காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் சாமானும், ஒரு குறிப்பேடும் இருந்தால் சரி. பெண் உறுப்பினர்கள் முன்வரிசையில் வர வேண்டும். 1991, 1992 ஆண்டுகளில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றார்கள். அன்று அவர்கள் சந்தைக்கும் கிணற்றுக்கும் தாமே சென்றார்கள். நம் சகோதரிகள் ஆற்றுக்கும் கடலுக்கும் செல்லட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. போகும் மூன்று நாளும் ஒருவரும் கவிதை எழுதக் கூடாது. பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், பெயர் அறிய வேண்டும். திரும்பி வந்து ஒரு திங்கள் கழித்து எழுதுவோம். அப்போது நம் கவிதையில் வரும் நாரைக்குக் குளம் இருக்கும். அந்தக் குளத்துக்கு ஊர்ப்பெயர் இருக்கும். அந்த ஊரின் கவலையும் இருக்கும்.