மிஞ்சிய ரிலே போர்டும் சொல்ல வேண்டிய குறையும்
(மாதாந்திரக் கூட்டத்தில் இளைஞர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

பேகம்பூரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து மிஞ்சிய ரிலே போர்டு விற்கிறோம். "அது என்னப்பா?" என்று கேட்காத வீடு இல்லை. சின்ன மின்சாரத்தைச் சாவியாகப் போட்டுப் பெரிய மின்சாரத்தைத் திறக்கும் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 5 வோல்ட் கொடுத்ததும் உள்ளே காயில் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். 'டிக்' என்று சத்தம் வரும், 230 வோல்ட் விளக்கு எரியும்.

டிசைன் மாறினாலோ ஆர்டர் நின்றாலோ கம்பெனிகளில் போர்டுகள் தேங்கிவிடும். அவை எடைக்குப் போகும். சென்னை ரிச்சி தெருவில் இப்படிப்பட்ட சரக்கு வெகுகாலமாக விற்கிறது. அதையே இங்கே கொண்டுவந்தோம். பாலிடெக்னிக் மாணவர்களும், ஆர்டுயினோ வைத்து வீட்டில் எதையாவது செய்துபார்க்கும் பிள்ளைகளும் வாங்குகிறார்கள்.

ஆரம்பத்தில் 'டிக்' சத்தம் கேட்டாலே நல்ல போர்டு என்று கொடுத்துவிட்டோம். வேடசந்தூர் பக்கமிருந்து ஓர் அண்ணன் வந்தார். கிணற்று மோட்டாரை போனிலிருந்தே போட்டு அணைக்க வேண்டும் என்றார். ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். இது எங்களுக்குத் தெரியும். சொல்லவில்லை. சில நாளில் உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது. அணைத்தும் மோட்டார் நிற்கவில்லை, தண்ணீர் வற்றிய பிறகும் ஓடிக் காயில் கருகிவிட்டது.

அவர் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது. போர்டின் விலையைத் திருப்பிக் கொடுத்து, காயில் கட்டிய செலவில் பாதியை ஏற்றுக்கொண்டோம். முழுவதும் கொடுக்கக் கையில் இல்லை.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை மதரஸாவில் கேட்டுத்தானே வளர்ந்தோம்! நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதானே கேட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு போர்டிலும் மல்டிமீட்டர் வைத்து, காண்டாக்ட் சேருகிறதா, விடுகிறதா என இரண்டையும் பார்க்கிறோம். மோட்டாருக்கு என்று கேட்டால் நேரடியாக மாட்டாதீர்கள், ரிலேயைக் கொண்டு காண்டாக்டரை இயக்குங்கள், வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள் என்கிறோம். பழுதானவை தனிப் பெட்டியில், 'பாகங்களுக்கு மட்டும்' என்று எழுதி, குறைந்த விலைக்கு. "இவ்வளவு சொன்னால் எவன் வாங்குவான்?" என்றார் கூட்டாளி ஒருவர். கொஞ்சம் குறையத்தான் செய்தது. மாணவர்கள் குறையவில்லை.

முன்பு எங்களிடம் வாங்கியவர்கள் வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு போர்டைக் கொண்டுவாருங்கள். இலவசமாகச் சோதித்துத் தருகிறோம். போர்டின் அடிப்பக்க ஈயப் பற்றில் 230 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டே கழற்றுங்கள், பிள்ளைகளைக் கழற்ற விடாதீர்கள்.