இசைக் கருவி பயில்வோம்
(தோட்ட மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் இசைக் கருவி பயில்வதைப் பற்றிச் சிந்திக்கவிருக்கிறோம். பாட்டுக் கேட்பதற்கு இப்பொழுது பஞ்சமில்லை. வானொலி உண்டு, தொலைக்காட்சி உண்டு, கைத்தொலைபேசியும் உண்டு. ஆயினும் கோயில் திருவிழா நெருங்கும்போது, "மேளத்துக்கு யாரை அழைப்பது?" என்ற கேள்வி ஆலயக் குழுவில் எழுகிறது. ஒரு காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. உறுமி அடிப்பவரும், தப்பு அடிப்பவரும், பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவரும் நம் லயத்திலேயே குடியிருந்தார்கள். இன்று அவர்களுள் பலர் முதுமை எய்திவிட்டனர், சிலர் மறைந்துவிட்டனர். அவர்களுடைய கருவிகள் கோயில் அறையின் மூலையில் தோல் கிழிந்து கிடக்கின்றன. வெளியூர்க் குழுவுக்குப் பணம் கொடுத்து வரவழைக்கிறோம். அவர்கள் வருகிறார்கள், முழக்குகிறார்கள், போய்விடுகிறார்கள். மறுநாள் தோட்டத்தில் மேளமும் இல்லை, அதைக் கற்றுத் தருவாரும் இல்லை.

இந்நிலை மாற வேண்டுமானால், இசை நமக்கு என்னவாக இருந்தது என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழர் வாழ்வில் இசை ஓய்வுநேரப் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியம் கூறுகிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையும் யாழும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. உணவும் தொழிலும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது இசை என்று நம் முன்னோர் கருதினர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, யாழாசிரியனுக்கும் குழலாசிரியனுக்கும் தண்ணுமை ஆசிரியனுக்கும் இருக்க வேண்டிய தகுதிகளைத் தனித்தனியே விரித்துரைக்கிறது. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்றும் அக்காதையால் அறிகிறோம். ஏழு நரம்புகளுக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று தமிழ்ப் பெயர்களே வழங்கின.

நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது நிலபுலன்களைக் கொண்டு வரவில்லை. தாலாட்டையும், கும்மியையும், ஒப்பாரியையும், தாளத்தையும் நெஞ்சில் சுமந்து வந்தார்கள். அறியாத காட்டில் அவர்களுக்கு ஊராக இருந்தது அந்த ஓசைதான். குழந்தை பிறந்தபோதும், பெண் பெரியவளானபோதும், திருமணத்திலும், காவடியிலும், தீமிதியிலும் இசை உடன் நின்றது. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் தப்பின் ஓசை தோட்டம் முழுவதற்கும் செய்தி சொன்னது. அதைக் கேட்டவர்கள் அந்த வீட்டு வாசலில் கூடினார்கள். துயருற்றவர் தனித்து நிற்கலாகாது என்பதற்காக எழுந்த ஓசை அது.

அந்தத் தப்பைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேசுதல் நம் கடமை. நம்மில் பலர் உறுமியையும் நாதஸ்வரத்தையும் தொடுவார்கள். தப்பைத் தொடத் தயங்குவார்கள். "அது இன்னாருடைய தொழில்" என்று ஒதுக்குவார்கள். "என் பையன் இதை அடிப்பதா?" என்று கோபிப்பார்கள். இழவு வீட்டில் நமக்காக இரவெல்லாம் கண்விழித்து அடித்தவரை, மறுநாள் சமமாக உட்கார வைக்காத வழக்கமும் நம்மிடையே இருந்தது. தோலுக்கும் மரத்துக்கும் சாதி ஏது? தவிலிலும் தோல்தான் இருக்கிறது. மிருதங்கத்திலும் தோல்தான் இருக்கிறது. ஒன்றை மேடையில் வைத்து மற்றொன்றைத் தெருவில் நிறுத்தியது மனிதர் செய்த வேற்றுமையே.

தமிழ்நாட்டில் இந்த எண்ணம் மாறி வருகிறது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவைச் சேர்ந்த பெண்களே பறையைக் கையில் ஏந்தி மேடையேறினர். மதுரை வட்டாரத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்துச் சிறப்பித்தது. கல்லூரி மாணவரும் அலுவலகப் பணியாளரும் இன்று பறை பயில்கின்றனர். நம் தோட்டத்தில் அக்கலை தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவரை ஆசிரியராக மதித்து, நாற்காலி போட்டு அமர்த்திக் கற்றுக்கொள்வதே முறை.

இனி, எப்படிக் கற்பது என்பதைப் பார்ப்போம்.

"எங்களுக்கு வயதாகிவிட்டது, விரல் வளையாது" என்று சிலர் சொல்லலாம். பால் வெட்டும் கைகள் அப்படிச் சொல்லுதல் பொருந்தாது. மரப்பட்டையில் எவ்வளவு ஆழம் உளி இறங்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சிறிது ஆழம் குறைந்தால் பால் குறையும். சிறிது மிகுந்தால் மரம் காயப்படும். அந்த அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. அதை எந்தப் புத்தகமும் உங்களுக்குக் கற்பிக்கவில்லை. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினார். நீங்கள் செய்தீர்கள்; தவறினீர்கள்; திருத்திக்கொண்டீர்கள். சில மாதங்களில் கையே அறிந்துகொண்டது. இருள் பிரியாத வேளையில் தலைவிளக்கின் ஒளியில் நூற்றுக்கணக்கான மரங்களை ஒரே சீராக வெட்டிச் செல்லும் கைக்கு, தாளம் புதிதன்று.

இசை பயில்வதும் அவ்வாறே. தோற்கருவி பயில்வோர் முதலில் கருவியைத் தொட வேண்டாம். வாயால் சொல்லிப் பழக வேண்டும். ‘தகிட’ என்றால் மூன்று. ‘தகதிமி’ என்றால் நான்கு. ‘தகதகிட’ என்றால் ஐந்து. ‘தகிட தகதிமி’ என்றால் ஏழு. ‘தகதிமி தகதகிட’ என்றால் ஒன்பது. தாளத்தின் ஐந்து சாதிகளும் இவற்றுள் அடங்கும். குழந்தையைத் தொட்டிலில் ஆட்டும் தாயும் இவற்றைச் சொல்லலாம். காண்டாவைத் தோளில் சுமந்து நிரையில் நடப்பவரும் மனத்துள் சொல்லலாம். வாய் தவறாமல் சொன்ன பிறகு தொடையில் தட்டுக. கை தவறாமல் தட்டிய பிறகு தோலில் அடிக்க. அதன்பின் அதே சொற்கட்டை இரண்டாம் காலத்தில், அதாவது இரு மடங்கு விரைவில், வாசித்துப் பழகுக. விரைவை முதலிலேயே விரும்புகிறவர் நடுவழியில் நின்றுவிடுவார்.

ஆர்மோனியம், புல்லாங்குழல், வயலின் போன்றவற்றைப் பயில்வோர் சரளி வரிசையில் தொடங்க வேண்டும். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புரந்தரதாசர் வகுத்தளித்ததாகச் சொல்லப்படும் அம்முறை இன்றளவும் முதற்பாடமாக இருக்கிறது. மாயாமாளவகௌளை என்னும் இராகத்தில் ஏழு சுரங்களையும் ஏறியும் இறங்கியும் வாசிப்பதே அப்பாடம். சலிப்பூட்டும் என்று அதைத் தள்ளிவிட்டுத் திரைப்பாடலுக்குத் தாவுதல் கூடாது. எழுத்தறியாமல் கடிதம் எழுத முற்படுவதைப் போன்றது அது.

நாள்தோறும் இருபது நிமிடம் போதும். ஞாயிறன்று மூன்று மணி நேரம் அடித்து ஆறு நாள் விட்டுவிடுவதைக் காட்டிலும் இது மேலானது. நேரத்தைத் தெரிந்தெடுக்கும்போது அண்டை வீட்டாரையும் நினைத்தல் வேண்டும். குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே வெட்டுத் தொழிலாளர் இரவில் முன்னதாக உறங்கியாக வேண்டும். மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையில் பயிற்சியை வைத்துக்கொண்டால் எவருக்கும் இடையூறில்லை. மூடிய அறைக்குள் பலர் கூடி மேளம் அடித்தல் காதுக்குக் கேடு. திறந்த இடமே ஏற்றது. சிறு குழந்தைகளை மேளத்தின் முன்னே நிறுத்தலாகாது.

கருவியைக் காப்பதும் கல்வியின் ஒரு பகுதியே. நம் நாட்டின் ஈரக்காற்றில் தோல் விரைவில் தளரும். தப்பை அடிக்குமுன் வைக்கோல் தீயில் அளவாகக் காய்ச்சுவது இதற்காகத்தான். மலாய்ச் சகோதரர்கள் தங்கள் கொம்பாங்கின் சட்டத்துக்கும் தோலுக்கும் இடையில் ஒரு பிரம்பு வளையத்தைச் செருகித் தோலை இறுக்குகிறார்கள். கருவியைச் சிமெண்டுத் தரையில் வைத்தல் கூடாது. துணியால் மூடி, உயரத்தில் மாட்டி வைத்தல் நலம். அடித்து முடித்த குச்சியையும் அதனுடனே கட்டி வைக்க வேண்டும். குச்சி தேடும் குழுவுக்குப் பயிற்சி நேரம் பாதியாகக் குறையும்.

எந்தக் கருவியைத் தேர்வது என்று பலர் கேட்பதுண்டு. தோட்டத்தில் எதற்கு ஆசிரியர் இருக்கிறாரோ, அதுவே முதற்கருவி. ஆசிரியர் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த கருவியை வாங்கி அலமாரியில் வைப்பதால் பயனில்லை. செலவு குறைவாக இருக்க வேண்டுமாயின் மூங்கில் புல்லாங்குழல் நல்லது. உறுமி பயில விரும்புவோர் பொறுமையுடையவராக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமல் எழுப்பி, மறுபக்கத்தில் நேர்க்குச்சியால் அடிக்கும் அக்கருவியில், இரு கைகளுக்கும் இரு வேறு வேலைகள். தவிலிலும் அப்படியே. வலக்கை விரல்களில் கூடு அணிந்தும், இடக்கையில் கோல் பிடித்தும் வாசிக்கிறார்கள்.

இளைஞர்கள் கித்தாரையும் மின்விசைப் பலகையையும் விரும்பினால் பெரியவர்கள் தடுக்க வேண்டியதில்லை. நம்முடையது என்று நாம் போற்றும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் அதைக் கற்று, நம் இசைக்கு ஏற்றவாறு அமைத்தார். பஜனை மடத்து ஆர்மோனியமும் ஐரோப்பாவில் பிறந்ததே. தரையில் அமர்ந்து, ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கத்தக்க வடிவத்தை 1875-இல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் உருவாக்கினார். நம் நாட்டிலும் சான்று உண்டு. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள் ‘ஆலிகேட்ஸ்’ குழுவின் வழியாக மலாய்ப் பாடல்கள் பாடி, எல்லா இனத்தவரின் அன்பையும் பெற்றார்கள். 2007-இல் லோகநாதன் மறைந்தபோது அவருக்காக வருந்தியவர்கள் தமிழர் மட்டுமல்லர்.

நம் அண்டை அயலாரின் இசையையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். கொம்பாங் குழுவில் ஒருவர் விட்ட இடைவெளியை மற்றொருவரின் அடி நிரப்பும். எல்லோரும் ஒன்றையே அடிப்பதில்லை. ஆயினும் கேட்பவருக்கு ஒரே தாளமாக ஒலிக்கும். பல இனத்தார் வாழும் நாட்டுக்கு இதனினும் எளிய பாடம் வேறு தேவையில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பையன்கள் மேளம் அடிப்பார்கள், பெண்கள் ஆரத்தித் தட்டு ஏந்துவார்கள் என்ற வரையறையை இனியும் காக்க வேண்டியதில்லை. வீட்டில் தாலாட்டும் கும்மியும் காத்து வந்தவர்கள் பெண்களே. அவர்களுக்குக் கருவியை மறுப்பது, பாதித் தோட்டத்தை ஊமையாக்குவதாகும்.

இப்பயிற்சியால் என்ன பயன் என்று கேட்பீர்களாயின், மூன்றைச் சொல்லலாம். முதலாவது, மாலை நேரத்தில் கள்ளும் சம்சுவும் அழைக்கும் வழியில் செல்லாமல் இளைஞருக்கு வேறொரு கூட்டமும் வேலையும் கிடைக்கின்றன. இரண்டாவது, பிறர் அடிப்பதைக் கேட்டுத் தன் அடியை இடும் பழக்கம், பிறர் பேசுவதைக் கேட்டுத் தான் பேசும் பழக்கமாக வளரும். மூன்றாவது, முதியோருக்கு மதிப்புத் திரும்புகிறது. யாரும் அருகில் அமராத ஒரு தாத்தாவைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் அமர்வார்கள்.

ஆகவே இம்மாதமே தொடங்குங்கள். கோயில் அறையில் கிடக்கும் கருவிகளை வெளியே எடுத்துக் கணக்கெடுங்கள். பழுது பார்க்கத்தக்கவற்றைப் பிரித்து வையுங்கள். கற்றுத் தரக்கூடியவர் யார் என்று கேட்டறிந்து, வீட்டுக்கே சென்று அழையுங்கள். மாதந்தோறும் ஒரு சிறு தொகை திரட்டுங்கள். வரவு செலவைத் தாளில் எழுதி எல்லோரும் காணுமாறு ஒட்டுங்கள். ஐந்து பேர் வந்தாலும் தொடங்குங்கள்.

பல இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்து சென்றார்கள். நாமும் ஒரு நாள் இந்த லயத்தை விட்டுச் செல்ல நேரிடலாம். மரத்தையும் நிலத்தையும் உடன் கொண்டு செல்ல முடியாது. பிள்ளையின் கையில் பதிந்துவிட்ட தாளத்தை எவரும் பிடுங்க முடியாது. போகும் இடத்திலும் ஒரு திருவிழா வரும், ஒரு திருமணம் வரும், ஒரு துயரும் வரும். அங்கே கருவியை எடுத்து வாசிக்க நம் பிள்ளை ஒருவர் முன்வருவாரானால், அறிமுகமில்லாதவர்களும் அவரைச் சுற்றிக் கூடுவார்கள்.