இரங்கல் மடலில் எழுதத்தக்க சொற்கள்
(மகாவீர ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமண இல்லம் ஒன்றில் ஒருவர் மறைந்தால், உற்றார் அனுப்பும் மடல்களில் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றோ, ‘ஆன்மா சாந்தி அடையட்டும்’ என்றோ எழுதப்படுகிறது. கடையில் விற்கும் அட்டையிலும் அவ்வாசகமே அச்சாகியுள்ளது. அனுப்புவோர் கீழே பெயரிடுவதோடு சரி. அன்பினால் செய்வதே, ஐயமில்லை. ஆயினும் உயிர்களைத் தன்னடியில் சேர்த்துக்கொள்ளும் படைப்புக் கடவுளை ஜினதருமம் கூறவில்லை. உடலை நீத்த உயிர் சாந்தி வேண்டிக் காத்திருப்பதுமில்லை. கண்ணிமைப்பினும் குறுகிய பொழுதில் வினைக்கேற்ற கதியில் பிறந்துவிடுகிறது. ‘முத்தி பெற்றார்’ என்பதும் பொருந்தாது. இப்பஞ்சம காலத்தில் பரத கண்டத்திலிருந்து முத்தி எய்துவார் இல்லை. ‘நற்கதி எய்தியிருப்பாராக’ என விழைவது தகும்.

கொள்கையில் தேர்ந்த சிலர் நாலடியாரின் யாக்கை நிலையாமைச் செய்யுள் ஒன்றை எழுதி அனுப்புவர். கருத்தில் பிழையில்லை, காலத்தில் பிழையுண்டு. நலத்தோடு இருப்பவன் அறம் செய்ய விரையும்பொருட்டுச் சொல்லப்பட்டது அது. மகனை இழந்து மூன்றாம் நாள் அமர்ந்திருக்கும் தாய்க்கு அஃது இடித்துரையாகவே கேட்கும்.

‘பேரிடி’, ‘ஈடுசெய்ய இயலாத இழப்பு’ என்று எழுதித் துயரைப் பெருக்குவதும் நன்றன்று. துன்பம், சோகம், புலம்பல் முதலியவற்றைத் தன்னிடத்தோ பிறரிடத்தோ விளைவித்தல் அசாதா வேதநீய வினை வந்துசேரக் காரணம் எனத் தத்துவார்த்த சூத்திரம் 6ஆம் அத்தியாயத்தில் கூறுகிறது. இதனைக் காட்டி, அழுகின்றவரைக் கடிவோர் உளர். அது கொடுமை. இச்சூத்திரத்தை முதலில் நினைக்கவேண்டியவர் மடல் எழுதுபவரே.

அவ்வாறாயின் எதனைத்தான் எழுதுவது? செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 57 நாள் உண்ணாநோன்பு நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை இது என்பதே அதன் செய்தி. அந்தோ என்னும் சொல் அதில் இல்லை. அவர் எங்குச் சென்றார் என்பதும் இல்லை. செய்தது இன்னது, செய்தவர் இன்னார் என்பதோடு கல் நின்றுவிடுகிறது.

இல்லறத்தார் எல்லோரும் சல்லேகனை நோற்பவரல்லர். ஆயினும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு நற்செயலை விட்டுச் செல்கின்றனர். அதனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அநுமோதனை. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் புண்ணியம் தருவது. ‘உங்கள் தாயார், வந்த விருந்தினர் எவராயினும் பொழுது சாயுமுன் உண்ணச் செய்த பின்னரே விளக்கேற்றுவார், எங்கள் பிள்ளைகள் அவ்வழக்கத்தை அவரிடமே கற்றனர்’ என்று இரண்டு வரி போதும். மறைந்தவர் சிறுவனாயின், ஜினாலயத்தில் மணியடிக்க முதல் ஆளாய் ஓடிவருவான் என்று ஒரு வரி. அச்சிட்ட வாசகம் ஏதுமில்லாத அஞ்சலட்டையிலேயே இதற்கு இடமிருக்கும்.