கோடு போடுகிறவர்கள் யார்?

(பரமத்தி வேலூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாவட்டப் பிரிவினை பற்றிப் பேசச் சொன்னபோது தயங்கினேன். கலெக்டர் ஆபீஸ் சமாச்சாரம், கவிதை எழுதுகிறவனுக்கு அதில் என்ன வேலை என்று தோன்றியது. அப்புறம் யோசித்தால், வங்கிக் கவுண்டரில் நாள் முழுக்க நான் பார்ப்பதே அதுதான். படிவத்தில் பெயருக்குக் கீழே ஊர், வட்டம், மாவட்டம் என்று கட்டங்கள். ஒரு மனிதனை எங்கே நிறுத்துவது என்று அந்தக் கட்டங்கள்தான் முடிவு செய்கின்றன.

1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, நம்ம பரமத்தி வேலூர் என்று நான்கு வட்டங்கள். அதற்கு முன்னாடி கலெக்டரிடம் மனுக் கொடுக்கணும்னா வேலூரில் பஸ் ஏறி, நாமக்கல் தாண்டி, ஆண்டகளூர்கேட் தாண்டி சேலம் போகணும். கொடிக்கால் வேலைக்குப் போகிற சனத்துக்கு ஒரு நாள் கூலி போச்சு. "அய்யா கேம்ப் போயிட்டாரு, நாளைக்கு வா" என்றால் மறுநாள் கூலியும் போச்சு. எங்கம்மா இதைச் சொல்லிச் சொல்லி நான் வளர்ந்தேன். ஆகவே மாவட்டம் பிரிந்ததை நான் குறை சொல்ல வரவில்லை. 1956இல் 13 மாவட்டமாக இருந்த தமிழ்நாடு இன்று 38 மாவட்டம். ஆபீஸ் பக்கத்தில் வந்திருக்கிறது. நம் கேள்வி வேறு. ஆபீஸ் பக்கத்தில் வந்தது சரி, அதிகாரம் பக்கத்தில் வந்ததா?

கோடு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். கொல்லிமலையில் இருக்கும் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். அதே மக்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடையாது. காரணம், பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்கு எதிரே மாவட்டங்களின் பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சேலம், தருமபுரி, திருச்சி எல்லாம் உண்டு. கோவை இல்லை. 1979இல் கோவையிலிருந்து பிரிந்ததுதான் ஈரோடு. தாய் மாவட்டத்தில் விடுபட்டது பிள்ளை மாவட்டத்திலும் தொடர்கிறது. ஒரே சனம், ஒரே வழக்கம். பிள்ளைகளின் படிப்பும் வேலையும் மட்டும் ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

இன்னொன்று. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. இன்றுவரை அந்தப் பகுதி வண்ணார்கள்தான் பட்டியல் சாதி. மற்ற இடத்து வண்ணார்கள் இல்லை. அழுக்குத் துணியைத் தலையில் வைக்கும்போது சாதி எல்லா இடத்திலும் ஒன்றாகத்தானே இருந்தது? சான்றிதழ் கொடுக்கும்போது மட்டும் ஏன் எல்லை பார்க்கிறார்கள்?

அடுத்து பெயர். 1989இல் வட ஆற்காடு இரண்டானபோது ஒன்று திருவண்ணாமலை சம்புவராயர், மற்றது வட ஆற்காடு அம்பேத்கர். மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் வைத்த காலம் அது. யாருக்கும் கைகால் வலிக்கவில்லை. 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். தென் மாவட்டங்களில் கலவரம். முடிவில் அரசு என்ன செய்தது? 1997 ஜூலையில் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்தது. வரைபடத்தில் அம்பேத்கர் மாவட்டம் வேலூர் மாவட்டம் ஆனது. ஜூன் 30 அன்றுதான் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டார். பஸ்ஸில் நம் பெயர் கூடாது, நாற்காலியில் நம் ஆள் கூடாது. இரண்டும் ஒரே கோபம்தான்.

2022இல் ஆந்திராவில் கோணசீமா மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயர் சேர்த்தபோது அமலாபுரத்தில் மந்திரி வீட்டுக்கே தீ வைத்தார்கள். அங்கே பெயர் நின்றது. நின்றது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பாபாசாகேப் 1955இல் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதினார். ஒவ்வொரு பகுதியிலும் நிலம் வைத்திருக்கும் ஒரு பெரிய சாதி இருக்கிறது, மற்றவர்கள் அதை அண்டிப் பிழைக்கிறார்கள், மாநிலம் பெரிதாக இருந்தால் அந்தப் பெரும்பான்மை சிறுபான்மையை நசுக்கும் என்று எச்சரித்தார். மாநிலம் சின்னதாக இருப்பது ஒரு பாதுகாப்பு என்றார். அதோடு நிறுத்தவில்லை. ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள் வேண்டும் என்றும் கேட்டார். சின்னதாக்கினால் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். ஒரே சாதி கையில் நிலமும் ரிக்கும் வட்டிக் கடையும் இருக்கிற இடத்தில், மாவட்டத்தைச் சின்னதாக்கினால் கலெக்டருக்கும் பண்ணையாருக்கும் இடையிலான தூரமும்தான் குறையும்.

2008 தொகுதி மறுசீரமைப்பைப் பாருங்கள். ராசிபுரம் தனித் தொகுதி ஆனது. நாமக்கல் சட்டமன்றத் தனித் தொகுதி பொதுத் தொகுதி ஆனது. ராசிபுரம் நாடாளுமன்றத் தனித் தொகுதி இல்லாமலே போனது. இதைப் பற்றி நம் தெருவில் எத்தனை பேர் பேசினோம்? நான் பேசவில்லை. கோடு போட்டு முடிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எல்லாவற்றிலும் பழைய கோடு ஊருக்குள் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடுகளிலேயே ஊர் நத்தம் தனி, சேரி நத்தம் தனி. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போகட்டும். சுடுகாட்டுப் பாதையும் தண்ணீர்த் தொட்டியும் தனித்தனியாக இருக்கிறவரை கோடு அங்கேயேதான் இருக்கும்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வார்டு மறுவரையறை வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை சொல்ல நாள் கொடுப்பார்கள். அந்த வரைபடத்தை வாங்குங்கள். நம் தெருக்களை இரண்டாக வெட்டி இரண்டு வார்டில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். இதுவரை மனுவோடு நாம் வரிசையில்தான் நின்றோம். இனி வரைபடம் விரித்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் நிற்போம்.

ஜெய்பீம்.