ஒரே ஜன்னல்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பழைய மாணவர் சங்கத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘தோசோகாய்’ என்று பெயர். அதை எழுத மூன்று சித்திர எழுத்துகள். முதல் எழுத்துக்கு ‘ஒரே’, இரண்டாவதற்கு ‘ஜன்னல்’, மூன்றாவதற்கு ‘கூட்டம்’ என்று பொருள். ஒரே ஜன்னல் ஓரத்தில் படித்தவர்கள் கூடுவது. நம் இயற்பியல் வகுப்பில் ஜன்னல் ஓரத்துக்கு நடந்த சண்டை சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த வருடம் நம் கல்லூரியில் ஜப்பானிய மொழிக்கு ஆரம்ப வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். அதில் சேர்ந்த பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். பெரிய பண்டிதர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் 33 வயதில் அ, ஆ படித்தவன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பட்டறையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். 1998-ல் பக்கத்துப் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் எங்கள் பேட்டையில் பார்க்கும் சுவரெல்லாம் ‘கைசென்’, ‘செய்ரி’, ‘செய்தோன்’ என்று பெயிண்டில் எழுதினார்கள். அர்த்தம் தெரியாமல் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தோம். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் 2001-ல் ஞாயிறுதோறும் பஸ் ஏறி, அமைந்தகரையில் இருக்கும் ஏ.பி.கே. - ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையத்துக்குப் போக ஆரம்பித்தேன். அதுவும் ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் அமைத்த பழைய மாணவர் சங்கம்தான்.

இரண்டு மாதம் போயிருப்பேன். தலையில் கொம்பு முளைத்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் பட்டறையைப் பார்க்க ஜப்பானியர் இருவர் வந்தார்கள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மதியத்துக்கு மேல் வேறு வேலையாகக் கிளம்பிவிட்டார். “நான் இருக்கேன் சார்” என்று முன்னால் போய் நின்றேன். முதலாளி விலையைச் சொன்னார், மாதம் எத்தனை உருப்படி தர முடியும் என்றார். வந்தவர் ஒவ்வொன்றுக்கும் ‘ஹாய், ஹாய்’ என்று தலையை ஆட்டினார். கடைசியில் ‘கென்தோ ஷிமாஸ்’ என்று சொல்லிக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

“என்னப்பா, சரின்னுட்டாரா?”

“பத்து தடவை ‘எஸ்’னு சொல்லிட்டாரு சார். பரிசீலிக்கிறோம்னும் சொல்லிட்டுப் போறாரு. ஆர்டர் வந்த மாதிரிதான்.”

என் புத்தகம் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம். ‘ஹாய்’ என்றால் ‘எஸ்’ என்று போட்டிருந்தது. முதலாளி கடன் வாங்கி, பழைய பிரஸ் மெஷின் ஒன்றைப் பிடித்துப் போட்டார். இரண்டு பையன்களை வேலைக்குச் சேர்த்தார். அதில் ஒருவன் நம் கல்லூரிக்காரன், எனக்குச் சில வருடம் இளையவன். நான்தான் சிபாரிசு செய்தேன். ஆர்டர் வரவே இல்லை. ஆறு மாதத்தில் மெஷின் நஷ்டத்துக்குப் போனது. பையன்கள் இருவரையும் நிறுத்திவிட்டார்கள். முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “விடுப்பா” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வகுப்பை விட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து வெட்கத்தோடு திரும்பிப் போனபோதுதான் ஒன்று உறைத்தது. பாட்டி கதை சொல்லும்போது ‘ம்’ கொட்டுவோமே, “ராஜா செத்தான்” என்றாலும் ‘ம்’ என்போமே, அது சம்மதமா? கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அவர் சொன்ன ‘ஹாய்’ அந்த ‘ம்’. ‘கென்தோ ஷிமாஸ்’ என்பதற்கு அகராதியில் ‘பரிசீலிக்கிறோம்’ என்றுதான் இருக்கிறது. ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு “ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்” என்று எழுந்தால் நம் வீட்டில் எல்லோருக்கும் புரியுமே! நான் மட்டும் அதை ஆங்கிலத்தில் போட்டுப் புரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து புத்தகத்தின் ஆங்கிலத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் தமிழில் எழுத ஆரம்பித்தேன். ‘வதாஷி வா ஆவடி கரா பஸு தெ கிமாஷ்தா.’ நான், ஆவடியிலிருந்து, பஸ்ஸில், வந்தேன். ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. ‘கரா’தான் நம் ‘இலிருந்து’, ‘தெ’தான் நம் ‘இல்’. ‘கொரே, சொரே, அரே, தொரே’ என்று நான்கு சொல் வரும். நடுவில் உள்ள இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான், அதனால் வகுப்பே குழம்பியது. நமக்கு இது, உது, அது, எது! உனக்குப் பக்கத்தில் இருப்பது ‘உது’. நாம் மறந்துவிட்டோம், யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்கிறார்கள். அகர வரிசையைப் பாருங்கள்: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ‘ஹ’ பழங்காலத்தில் ‘ப’வாக இருந்தது. பௌத்தத் துறவிகள் சித்தம் என்ற இந்திய எழுத்தைக் கற்றதன் வழியே போன வரிசை இது.

சுசுமு ஓனோ என்ற பேராசிரியர், 2008-ல் மறைந்தவர், தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்றே எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் மேடையில் அந்தப் பெருமை பேச வரவில்லை. உறவோ இல்லையோ, வாக்கியம் ஒரே பாதையில் போகிறது, அது போதும் எனக்கு. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கடைசி பெஞ்சில் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வந்தேன்.

எல்லாம் சுலபம் என்று ஏமாற்றவில்லை. சாவிக்கும் ஒரு பழத்துக்கும் நம் எழுத்தில் ‘காகி’ என்றுதான் எழுத முடியும். அவர்கள் சாவிக்கு இரண்டு சின்னக் கோடு போட்டு ஒலியை மாற்றிக் காட்டுவார்கள். நான் பழம் கேட்டபோதெல்லாம் வாயில் சாவிதான் வந்தது. சித்திர எழுத்து இன்னொரு பாடு. அன்றாடப் பட்டியலில் மட்டும் 2,136. அதற்குக் குறுக்கு வழி கிடையாது, எழுதி எழுதித் தீர்க்க வேண்டியதுதான். 2003-ல் நான்காம் நிலைத் தேர்வு எழுதித் தேறினேன். அப்போது அதுதான் கடைசிப் படி; 2010-லிருந்து ஐந்து நிலையாக்கி, ‘என் 5’ என்கிறார்கள்.

காலையில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் பட்டறையில் ஆறு மாதம் இருந்த அந்தத் தம்பியின் பெயர் இல்லை. கணிதம் படித்தவர், பூந்தமல்லிப் பக்கம் வீடு, சைக்கிளில் வருவார். அவரை நிறுத்தியது ஏன் என்று அன்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது விலாசம் தெரிந்தால், சாப்பாட்டு வேளையில் என்னிடம் வந்து சொல்லுங்கள்.