கைம்பெண்ணோடு யார் போனார்கள்?

பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு (மூன்றாம் ஆண்டு)
விடுதலைப் பயணம் 17:8-13, 2 திமொத்தேயு 3:14 – 4:2, லூக்கா 18:1-8

 

இன்றைய நற்செய்தியில் ஒரு நகரம், ஒரு நடுவர், ஒரு கைம்பெண். நடுவருக்குக் கடவுள் பயமும் இல்லை, மனிதரை மதிக்கும் பண்பும் இல்லை. கைம்பெண்ணுக்கோ பணபலம் இல்லை, பரிந்து பேச ஆளும் இல்லை. அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: மீண்டும் மீண்டும் போய் நிற்கும் உறுதி. தமக்கு உரிய நீதியைக் கேட்டு அவர் நடையாய் நடந்தார். கடைசியில், இவருடைய தொல்லை தாங்க முடியவில்லை என்று நடுவர் இறங்கி வந்தார்.

மனந்தளராமல் இறைவனிடம் வேண்ட வேண்டும் என்பதற்காகவே இயேசு இந்த உவமையைச் சொன்னார் என்று லூக்கா தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். கடவுள் அந்த நடுவரைப் போன்றவர் அல்லர். அப்படிப்பட்ட நடுவரே நீதி வழங்கினார் என்றால், இரக்கமே உருவான நம் தந்தை தம் மக்களைக் கைவிடுவாரா? இது நாம் பலமுறை கேட்ட விளக்கம்தான். ஆனால் உவமையில் இன்னொன்றையும் கவனிப்போம். அந்த நகரத்தில் அவருக்கு அண்டை வீட்டார் இருந்திருப்பார்கள், உறவினர் இருந்திருப்பார்கள், தொழுகைக்கூடத்தில் அவரோடு செபித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அவரோடு நடுவரின் வாசலுக்குப் போனவர் என்று ஒருவரைக்கூட உவமை சொல்லவில்லை. போன ஒவ்வொரு முறையும் அவர் தனியாகவே போனார்.

முதல் வாசகம் இதற்கு நேர் எதிரான காட்சியைக் காட்டுகிறது. அமலேக்கியரோடு போர் நடக்கிறது. குன்றின் மேல் மோசே கைகளை உயர்த்தி நிற்கிறார். நேரம் ஆக ஆகக் கைகள் தளர்கின்றன. அப்போது ஆரோனும் கூரும் என்ன செய்தார்கள்? அவர் அமர ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று, கதிரவன் மறையும்வரை அவர் கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். இறைவாக்கினரின் கைகளுக்கும் ஒரு தாங்கல் தேவைப்பட்டது. அது கிடைத்ததால் மக்கள் வென்றார்கள்.

தனியே நடந்த கைம்பெண், தாங்கப்பட்ட மோசே. இந்த இரு காட்சிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நம் நாட்டு ஏழைப் பிள்ளைகளின் கல்வியை இன்று சிந்திப்போம்.

அன்புக்குரியவர்களே, எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்ற கோரிக்கை இந்த மண்ணில் நீண்ட காலம் வாசலில் காத்து நின்ற கோரிக்கை. 1882இல் ஆங்கிலேய அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவிடம் ஜோதிராவ் புலே மனு அளித்தார். உழவர்கள் கொடுக்கும் வரிப்பணம் உயர்நிலையில் இருப்போரின் கல்விக்குப் போகிறது, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்விகூட இல்லை என்று முறையிட்டார். 1911இல் கோபாலகிருஷ்ண கோகலே கட்டாயத் தொடக்கக் கல்விக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அது தோற்கடிக்கப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த நமது அரசமைப்புச் சட்டம், 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க 10 ஆண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. 1960ஆம் ஆண்டும் வந்து போனது.

ஆனாலும் கேட்டவர்கள் ஓய்ந்துவிடவில்லை. பெற்றோரும் ஆசிரியரும் சமூக இயக்கங்களும் தொடர்ந்து கேட்டார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம், 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. 2002இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. புலே மனு கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் 128 ஆண்டுகள்! நற்செய்தியின் கைம்பெண் எத்தனை நாள் நடந்தார் என்று நமக்குத் தெரியாது. இந்தக் கைம்பெண் ஆறு தலைமுறை நடந்திருக்கிறார்.

நம் தமிழகத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒரு காலத்தில் இங்கே மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகைப் பள்ளிகள், நான்கு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன. ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள் வெவ்வேறு புத்தகங்களைச் சுமந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தரமான பாடத்திட்டம் வேண்டும் என்று கல்வியாளர்களும் பெற்றோரும் பல ஆண்டுகள் கேட்டதன் பயனாக, 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. முதலில் 1ஆம், 6ஆம் வகுப்புகளுக்குப் புத்தகம் வந்தது. மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வர வேண்டிய நேரத்தில், அதைத் தள்ளிவைக்கச் சட்டத்திருத்தம் கொண்டுவரப்பட்டது. 2011 ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தன. பிள்ளைகளின் கைகளில் பாடப்புத்தகம் இல்லை. பெற்றோரும் கல்வி ஆர்வலர்களும் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு நடந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று, 10 நாள்களுக்குள் சமச்சீர் கல்வியைச் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2012இல் நான்கு வகைப் பள்ளிகளின் பிள்ளைகளும் ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள். கேட்டவர்கள் தளர்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

சட்டமும் வந்துவிட்டது, பொதுப் பாடப்புத்தகமும் வந்துவிட்டது. இனி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். புத்தகம் ஒன்றானதால் பள்ளிகள் ஒன்றாகிவிடவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்! அவர்களில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், அல்லது நோயுற்று விடுப்பு எடுத்தால், அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மாலைக்குள் மோசேயைப் போல் அவருடைய கைகளும் தளராதா?

இங்கே ஒரு சுழல் இருக்கிறது. வசதி உள்ளவர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறைகிறது. ஆசிரியர் குறைந்தால் இன்னும் சிலர் வெளியேறுகிறார்கள். இப்படிப் போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு போவதில்லை. மனு எழுதத் தெரிந்த கை, அதிகாரியிடம் தயங்காமல் பேசத் தெரிந்த வாய், ஊரில் எடுபடும் சொல், இவையெல்லாம் அவர்களோடு போய்விடுகின்றன. கடைசியில் அந்தப் பள்ளியில் எஞ்சுவோர் யார்? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இழக்கும் தாய்மார். அதாவது, நடுவரின் வாசலில் தனியே நிற்கும் நம் நற்செய்தியின் கைம்பெண். தம் பிள்ளைக்கு நல்ல பள்ளியைத் தேடும் பெற்றோரை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையை மாற்றிய பிறகும், அந்தத் தாயோடு போய் நிற்க நம்மால் முடியும்.

போய் நிற்பதற்கு வழியும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு என்ற அமைப்பைத் தந்திருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய இடம் உண்டு. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளிக்கு என்ன தேவை என்று மேம்பாட்டுத் திட்டம் வகுப்பதும் அதன் பொறுப்பு. தமிழகத்தின் அரசுப் பள்ளிகளில் 2022இல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. குடிநீர், சுற்றுச்சுவர், மாணவியருக்கான தனிக் கழிப்பறை, நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடம், எதுவானாலும் குழுவில் தீர்மானமாக எழுதலாம். அதையே குடியரசு நாளிலும், மே நாளிலும், விடுதலை நாளிலும், காந்தி பிறந்த நாளிலும் கூடும் கிராம சபையில் எழுப்பலாம். மனுவுக்குப் பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், அந்த மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். கைம்பெண்ணுக்குக் கால்கள் மட்டுமே இருந்தன. நமக்குச் சட்டமும் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ஆரோனும் கூரும் மோசேயைத் தாங்கத்தான் போனார்கள், குற்றம் சாட்டப் போகவில்லை. பள்ளிக்குள் நாம் நுழையும்போது, "ஐயா, உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று தலைமையாசிரியரைக் கேட்பதுதான் முதல் சொல்லாக இருக்கட்டும்.

சகோதர சகோதரிகளே, நம் சொந்த வீட்டைப் பற்றியும் பேச வேண்டும். தமிழகத்தில் கல்விப் பணி என்றாலே திருஅவையின் பள்ளிகள் மக்களின் நினைவுக்கு வருகின்றன. கல்வி மறுக்கப்பட்ட எத்தனையோ பேருக்கு முதலில் எழுத்தறிவித்தவை அவை. சிறுபான்மையினர் தங்கள் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு காக்கிறது. அது விலைமதிப்பற்ற உரிமை. அதைக் காக்க வேண்டியது நம் கடமை. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை 2025இல் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று மீண்டும் எழுப்பியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் என்ன விடை சொன்னாலும், நற்செய்தியின் விடை மாறப்போவதில்லை. சட்டம் நமக்கு விலக்குத் தரலாம். ஏழையின் பிள்ளையிடமிருந்து இயேசு நமக்கு விலக்குத் தருவதில்லை. கல்வி பெறுவது ஒவ்வொரு மனிதருக்கும் உரிய, எவரும் பறிக்க முடியாத உரிமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே அறிவித்தது. வறியோரையும் ஆதரவற்றோரையும் கல்விப் பணியில் முதலில் நினைக்கும்படி திருஅவையின் மேய்ப்பர்களைக் கேட்டுக்கொண்டதும் அதே ஏடுதான்.

ஆகவே, சட்டம் கேட்கும் அளவைவிடக் கூடுதலாக நாம் தர வேண்டாமா? நமது பள்ளி வாசலுக்கு வரும் ஏழைத் தாய், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது? அந்த வாசலில் அமர்ந்திருப்பவர் நடுவரா, தந்தையா? பள்ளிகளை நடத்தும் குருக்களும் துறவியரும் ஆட்சிக் குழுவினரும், ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் இந்தக் கேள்வியோடு நற்கருணை ஆண்டவரின்முன் சற்று நேரம் அமர்வோம். பக்கத்து அரசுப் பள்ளியை நம் போட்டியாகப் பார்க்காமல், நமது நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் அதன் பிள்ளைகளுக்கும் திறந்துவைப்போம். நல்ல அரசுப் பள்ளிக்காக எழும் குரல் நமக்கு எதிரான குரல் அன்று. நம் பங்கின் ஏழைக் குடும்பங்களுக்கான குரல் அது.

இரண்டாம் வாசகத்தில், குழந்தைப் பருவம் முதலே மறைநூலைக் கற்றவர் என்று திமொத்தேயுவைப் பற்றிக் கேட்டோம். அவருக்கு முன்னே அந்த நம்பிக்கையில் வாழ்ந்தவர்கள் பாட்டி லோயியும் தாய் யூனிக்கியும் என்று அதே திருமுகத்தின் முதல் அதிகாரம் பெயர் சொல்லிக் காட்டுகிறது. இரண்டு பெண்களின் அக்கறை, திருஅவைக்கு ஓர் ஆயரைத் தந்தது. நம் தாய்மார்களே, பாட்டிமார்களே, "நமக்குப் படிப்பு இல்லையே, குழுவில் போய் என்ன பேசுவது?" என்று தயங்க வேண்டாம். பிள்ளை பசியோடு வந்ததா, பயத்தோடு வந்ததா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறதா என்று உங்களைவிட அறிந்தவர் யார்?

இந்த வாரம் நம் அன்பியக் கூட்டங்களில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: நம் எல்லைக்குள் உள்ள அரசுப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள்? தெரியாவிட்டால் இரண்டு பேர் போய்க் கேட்டு வருவோம். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்றும் விசாரிப்போம். கூலி வேலைக்குப் போகும் உறுப்பினர் ஒருவர் அதில் இருந்தால், கூட்ட நாளில் அவர் வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், அவருக்கு மனு எழுதித்தர ஒருவர் முன்வருவோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் பங்கில் பலர் உண்டு. வாரம் ஒரு மாலை நேரத்தை அவர்கள் தந்தால் அதுவும் பெரிய தாங்கல்தான்.

மானிட மகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரோ என்ற கேள்வியோடு இயேசு உவமையை முடிக்கிறார். செபிக்கும் கூட்டத்தை அவர் நிச்சயம் காண்பார். செபித்து முடித்து எழுந்து, அந்தக் கைம்பெண்ணோடு வாசல்வரை நடக்கும் கூட்டத்தையும் அவர் காணட்டும்.

செபிப்போம்: நீதியின் ஆண்டவரே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூக்குரலிடும் எளியோரின் குரலை நீர் கேட்கிறீர். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் பயிலும் எல்லாப் பிள்ளைகளையும், தளர்ந்த கைகளோடு உழைக்கும் ஆசிரியர்களையும் ஆசீர்வதியும். வாசல்தோறும் அலையும் பெற்றோரைத் தனியே விட்டுவிடாத மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.